தொட்டாற்சிணுங்கியின் முள்ளும் மற்றக் காவல்களும்: வாசகர் கேள்வி – பதில்

மழை இறங்கியதும் தொட்டாற்சிணுங்கி பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. தோப்பில் களை எடுப்பவர்கள், தொட்டியில் ஆசையாக வளர்ப்பவர்கள், ஆடு முயல் வைத்திருப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் அந்தச் செடியின் முள்ளையும் தற்காப்பையும் ஒட்டிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

பார்த்தால் மெல்லிய இலை, பஞ்சு போல ஒரு பூ. கை வைத்தால் சுருக்கென்று குத்துகிறது. முள் எங்கே இருக்கிறது? ஏன் முன்கூட்டியே கண்ணில் படுவதில்லை?
– வாசகி, மார்த்தாண்டம்

முள் இலையில் இல்லை, தண்டில் இருக்கிறது. விரிந்து கிடக்கும் இலைகள் தண்டை மறைத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

ஒரு கொப்பை வெட்டி எடுத்துக் கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். உருண்டையான தண்டு, வெயிலில் வளர்ந்திருந்தால் செம்பழுப்பு நிறம். அதில் இரண்டு விதமான காவல் தெரியும். ஒன்று சுணை: விறைப்பான மயிர்கள், அநேகமாக எல்லாமே வேர்ப்பக்கம் சாய்ந்தவை. இவை தோலில் நமைச்சல் தருமே தவிர ஆழமாக இறங்கா. மற்றது முள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவுக்குச் சற்றுக் கீழேயும், இரண்டு கணுக்களுக்கு நடுவிலும் அங்கொன்று இங்கொன்றாக நிற்கும். நீளம் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். அடி அகலம், நுனி ஊசிக்கூர்மை, அந்த நுனியும் வேர்ப்பக்கமாகவே வளைந்திருக்கும்.

இந்த வளைவைக் கவனிக்க வேண்டும். கொப்பின் நுனியிலிருந்து அடிநோக்கி விரலை ஓட்டினால் முள் பெரிதாகப் படாது. அடியிலிருந்து நுனிநோக்கி ஓட்டினால் ஒவ்வொரு முள்ளும் மாட்டும். களை பிடுங்குகிறவர் என்ன செய்கிறார்? தண்டைப் பிடித்து மேலே இழுக்கிறார். வேர் எளிதில் விடாது. பிடி நுனிப்பக்கம் வழுக்கும்போது முட்கள் உள்ளங்கைக்குள் இறங்குகின்றன. காலில் சிக்கிய கொடியை உதறும்போதும் இதேதான் நடக்கிறது. இழுக்க இழுக்க இறுகுகிற அமைப்பு இது.

முள்களிலும் வகை உண்டு. எலுமிச்சையிலும் காகிதப்பூவிலும் இருப்பது கிளை மாறி முள்ளானது. கருவேலம், இலந்தை முட்கள் இலையடிச் செதில்கள் மாறியவை. ஆகவே அவை கணுவில் மட்டுமே வரும். தொட்டாற்சிணுங்கி முள் ரோஜா முள்ளின் இனம். தண்டின் மேல்தோலிலிருந்து எழுவதால் அதற்குக் கணு என்ற கட்டுப்பாடு கிடையாது, எங்கு வேண்டுமானாலும் முளைக்கும். 'கணுவைத் தவிர்த்துப் பிடித்தேன், அப்படியும் குத்திவிட்டது' என்று இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

இனி 'ஏன் மறைந்திருக்கிறது' என்ற கேள்வி. அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் தாமஸ் ஐஸ்னர் 1981-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவர் பார்த்தது அமெரிக்காவில் வளரும், இதே குடும்பத்தைச் சேர்ந்த, தொட்டால் மடங்கும் இன்னொரு முட்செடி. இலை விரிந்திருக்கும்போது முள் மறைந்திருக்கிறது, மடங்கியதும் வெளிப்படுகிறது, ஆகவே மடங்குவது முள்ளை வெளியே காட்டுவதற்கான ஏற்பாடாக இருக்கலாம் என்றார். நம் செடியிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கொப்பைத் தட்டுங்கள். சிற்றிலைகள் இணை இணையாக மேல்நோக்கி ஒட்டிக்கொள்ளும், விரல்கள் போல் பிரிந்திருந்த இலைப்பகுதிகள் ஒன்றுசேரும், கடைசியில் காம்பு தொப்பென்று கீழே சாயும். ஒரு நொடி முன்பு பச்சைப் பரப்பாக இருந்த இடத்தில் இப்போது தண்டும் முள்ளும்தான் நிற்கின்றன. மேய வந்த ஆட்டின் உதட்டுக்கு முதலில் எட்டுவது இலையா முள்ளா என்பதை அந்த ஒரு நொடி மாற்றிவிடுகிறது. சிணுங்கி என்று பெயர் வைத்துவிட்டோம். செடியின் பக்கம் நின்று பார்த்தால் அது ஆயுதத்தை உருவுகிற அசைவு என்பதே எங்கள் கருத்து.

தொட்டால் செடிக்கு வலிக்குமா? என் பேத்தி கேட்கிறாள்.
– வாசகர், கும்பகோணம்

வலியை உணர மூளையும் நரம்பும் வேண்டும். செடிக்கு இரண்டும் இல்லை. ஆனால் செலவு உண்டு. மடங்கிய இலை வெயிலை வாங்குவதில்லை. மடங்கியிருக்கும் நேரத்தில் ஒளிச்சேர்க்கை சுமார் 40 விழுக்காடு குறைவதாக அளந்திருக்கிறார்கள். பேத்தி ஓரிரு முறை தொட்டுப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. வருகிற போகிறவர்கள் எல்லாரும் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தால் தொட்டிச்செடி தேங்கிப்போகும்.

ஓர் இலையைத் தொட்டால் பக்கத்து இலையும் ஏன் மடங்குகிறது? தசை இல்லாத செடி எப்படி அசைகிறது?
– பதினோராம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

அசைவு நடக்கும் இடம் இலை அல்ல, மூட்டு. சிற்றிலையின் அடியில் ஒன்று, இலைப்பகுதியின் அடியில் ஒன்று, காம்பு தண்டில் சேரும் இடத்தில் ஒன்று என மூன்று நிலைகளில் சிறிய புடைப்புகள் உண்டு. கடைசியாகச் சொன்னது பெரியது. கண்ணுக்கே தெரியும், தொட்டால் சற்றுத் தடிப்பாக இருக்கும். அதன் மேல்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் உள்ள செல்கள் நீரால் விறைத்து நிற்பதால்தான் காம்பு நிமிர்ந்திருக்கிறது. தூண்டுதல் வந்ததும் கீழ்ப்பாதிச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேறுகின்றன, பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது. கீழ்ப்பாதி தளர்ந்ததும் விறைப்பு மாறாத மேல்பாதி காம்பைக் கீழே அழுத்திவிடுகிறது. மறுபடி நிமிர அயனிகளை உள்ளே ஏற்ற வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும், நேரமும் பிடிக்கும். மடங்க ஓரிரு நொடி, விரிய பத்து முதல் இருபது நிமிடம் என்ற வித்தியாசம் இதனால்தான்.

செய்தி பரவுவது மின்குறியாக. மென்மையாகத் தொட்டால் விநாடிக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் வேகத்தில் போகும், பெரும்பாலும் அந்த இலையோடு நின்றுவிடும். நுனியை நறுக்கினாலோ சுட்டாலோ வேறொரு வகைக் குறி உண்டாகித் தண்டு வழியே மற்ற இலைகளுக்கும் போகும். தடவலையும் கடியையும் செடி ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த மின்குறிகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொல்கத்தாவில் தாமே வடிவமைத்த கருவிகளால் பதிவு செய்தவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

இது உண்மையிலேயே காப்பாற்றுகிறதா என்பதற்கு 2022-இல் ஜப்பானிய ஆய்வுக்குழு ஒன்று நல்ல சான்று கொடுத்தது. செல்லுக்குள் கால்சியம் ஏறினால் ஒளிரும்படி தொட்டாற்சிணுங்கியின் மரபணுவை மாற்றினார்கள். தொட்ட இடத்திலிருந்து ஒளி ஓடி மூட்டை எட்டியதும், நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இலை அசைந்தது. அடுத்து, மூட்டே உருவாகாத செடிகளை உண்டாக்கி, அசையும் செடி அசையாத செடி இரண்டின் மேலும் வெட்டுக்கிளிகளை விட்டார்கள். அசையாத செடிதான் அதிகம் கடிபட்டது. முள் ஆடு மாட்டுக்கு, அசைவு பூச்சிக்கும் சேர்த்து என்று நினைவில் வைத்துக்கொண்டால் தேர்வுக்கும் உதவும்.

தென்னந்தோப்பில் புல்லுக்கு நடுவே பாய் விரித்தாற்போல் பரவிவிட்டது. தேங்காய் பொறுக்க ஆள் இறங்க மறுக்கிறார்கள். வெட்டினால் மறுபடியும் வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், தக்கலை

முதலில், வெறுமனே செதுக்குவதையோ புல்வெட்டி ஓட்டுவதையோ நிறுத்துங்கள். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கொப்புகள் கிளம்பித் தரையோடு தரையாகப் படரும். அடுத்த முறை கத்தி அவற்றுக்கு மேலாகவே போய்விடும். வெட்டிய துண்டுகள் காய்ந்தால் இலைதான் உதிரும், முள் தரையில் அப்படியே கிடக்கும்.

ஈரத்தில் எடுப்பதுதான் சரி. நல்ல மழைக்கு மறுநாள், அல்லது முதல்நாள் மாலை தண்ணீர் விட்டுவிட்டு, காலையில் இறங்குங்கள். துணிக் கையுறை வேண்டாம், முள் துணி வழியே இறங்கும். தோல் கையுறை, முழுக்கால் சட்டை, கணுக்கால் மூடும் செருப்பு வேண்டும். படர்ந்த கொப்புகளை நீளக் கவைக்கம்பால் ஒருபக்கம் தூக்கி, நடுவே அடித்தண்டைக் கண்டுபிடியுங்கள். ஐந்து அடி அகலத்துக்குப் பரந்திருந்தாலும் அடி பெரும்பாலும் ஒன்றுதான். களைக்கொத்தை அடித்தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிச் சாய்வாக இறக்கி ஆணிவேரை நெம்புங்கள். மண்ணுக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் வரை வேர் வந்துவிட்டால் போதும். மண்மட்டத்தில் அறுந்தால் மறுபடி துளிர்க்கும். இளக வைத்த பிறகு வேர்க்கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறோம். படர்ந்த கொப்பு ஈரமண்ணில் பட்ட கணுக்களில் சிலசமயம் வேர்விட்டிருக்கும், அதையும் பார்த்து எடுங்கள்.

காலம் முக்கியம். இளஞ்சிவப்புப் பூப்பந்து தெரிந்ததுமே எடுத்துவிட வேண்டும், நெற்று பழுப்பாகும் வரை விடக்கூடாது. நெற்று ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும், கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதன் விளிம்பு முழுக்க விறைத்த முள்மயிர். முற்றியதும் விளிம்பு மட்டும் செடியில் சட்டமாக நின்றுவிடும், ஒரு துண்டுக்கு ஒரு விதை வீதம் நடுப்பகுதி கழன்று விழும். ஆட்டு மயிரிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான். செடி ஊன்றிய இடத்தைத் தண்டு முள் காக்கிறது என்றால், புது இடம் பிடிக்க உதவுவது நெற்றின் முள்மயிர். நெற்று உள்ள செடிகளை எருக்குழியில் போடாதீர்கள். விதைத்தோல் கெட்டியானது, சூடு ஏறாத குழியில் அது சாகாது. சாக்கில் அடைத்து வெயிலில் காயவைத்து, ஓரிடமாகக் குவித்து எரித்துவிடுங்கள். தோப்பில் பரவலாகத் தீ வைப்பது வேறு விஷயம். மண்ணில் கிடக்கும் விதைகளின் தோலை அந்தச் சூடு உடைத்து, அடுத்த மழைக்கு மொத்தமாக முளைக்க வைத்துவிடும்.

எடுத்த இடத்தை வெறுமண்ணாக விட்டால் உழைப்பு வீண். மண்ணில் தூங்கும் விதை பல ஆண்டு காத்திருக்கும். தென்னை ஓலை, மட்டை, உரிமட்டை கொண்டு அரையடி கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். அல்லது தட்டைப்பயறு, சணப்பை நெருக்கமாக விதையுங்கள். நிழல் விழுந்தால் தொட்டாற்சிணுங்கி நாற்று மேலே வர முடியாது. முதல் ஆண்டில் மூன்று நான்கு முறை சுற்றிவந்து இரண்டு மூன்று அங்குல நாற்றாக இருக்கும்போதே எடுத்துவிட்டால், அந்தப் பருவத்தில் முள் இளசாக இருப்பதால் வெறுங்கையே போதும்.

மருந்து தெளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் களைக்கொல்லியும் அந்தப் பயிருக்கு அனுமதிக்கப்பட்டதுதானா என்று வேளாண் அலுவலரிடம் கேட்ட பிறகே வாங்க வேண்டும். இந்தச் செடியில் தெளிப்பு பலிக்காமல் போவதற்குப் பெரிய காரணம் மடங்கல்தான். செடிகளுக்குள் நடந்துகொண்டே தெளித்தால் காலும் கருவிக்குழாயும் பட்டு இலை மூடிக்கொள்ளும், மருந்து படும் பரப்பு சுருங்கிவிடும். மாலையில் தெளித்தாலும் இதே கதை, இருட்டினால் இலை தானே மூடிவிடும். காற்று அடங்கிய முற்பகலில், நுண்துளியாக, செடியைத் தொடாமல் பின்னோக்கி நகர்ந்தபடி தெளிக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். தோட்டத்தில் நடந்தபோது காலில் இந்த முள் ஏறி ஒடிந்துவிட்டது. விஷ முள்ளா?
– வாசகி, நாமக்கல்

விஷ முள் இல்லை. நஞ்சைச் செலுத்தும் பை எதுவும் அதில் கிடையாது. தொல்லை தருவது ஒடிந்து உள்ளே தங்கும் நுனியும், அதோடு போகும் மண்ணும்தான்.

சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, நல்ல வெளிச்சத்தில் முள் நுழைந்த சாய்வைப் பாருங்கள். முள் வளைந்தது என்பதால் நேராக மேலே இழுத்தால் ஒடியும். ஸ்பிரிட்டில் துடைத்த சாமணத்தால் வெளியே தெரியும் நுனியைப் பிடித்து, நுழைந்த திசைக்கு எதிராகச் சாய்வாக இழுக்க வேண்டும். அமுக்கிப் பிதுக்கினால் துண்டு இன்னும் உள்ளே போகும். சுணை மட்டும் ஒட்டியிருந்தால் செலோடேப்பை அழுத்தி ஒட்டி உரித்தால் வந்துவிடும். டிடி ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பொதுவாகச் சொல்வது. உங்கள் அப்பா விஷயத்தில் வீட்டிலேயே ஊசியால் கிளறாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், வலியில்லை என்பதால் முள் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் ஒருமணி நேரமும் தள்ளிப்போடாதீர்கள்.

முள் இருந்தும் என் ஆடுகள் இதைத் தின்கின்றனவே! கெடுதல் உண்டா? முயலுக்கும் போடலாமா?
– வாசகர், மேச்சேரி

முள் ஆட்டைத் தடுத்துவிடாது, வேகத்தைக் குறைக்கும். ஆட்டின் உதடு அசைவில் நுட்பமானது. முள்ளைத் தவிர்த்து இலையை மட்டும் கவ்வத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் கூடுதல் நேரம் பிடிப்பதால், பக்கத்தில் நல்ல புல் இருந்தால் அங்கே போய்விடும். செடிக்கு அவ்வளவு போதும். மாட்டுக்கு அந்த நுட்பம் இல்லை, நாக்கால் வாரிச் சுருட்டி இழுக்கும். வேர்ப்பக்கம் வளைந்த முள் அந்த இழுப்புக்கு எதிராகவே நிற்பதால் மாடு சீக்கிரம் ஒதுங்கிவிடும்.

முள்ளைத் தாண்டி இன்னொரு காவல் இருக்கிறது, அது இலைக்குள். மிமோசின் என்ற அமினோ அமிலம் இந்தச் செடியில் உண்டு. சவுண்டல் எனப்படும் சூபாபுல் இலையிலும் இதே பொருள்தான் இன்னும் தாராளமாக இருக்கிறது. அளவு மீறினால் மயிர் உதிரும், உடல் இளைக்கும். அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் இது மாறி உண்டாகும் பொருள் தைராய்டைக் கெடுக்கும். ஹவாய் தீவு ஆடுகளின் இரைப்பையில் அந்தப் பொருளைச் சிதைக்கும் பாக்டீரியா இருப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் கண்டறிந்தார். பிறகு அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கும் கொடுத்தார்கள். ஆகவே ஆடு மாடு மேய்ச்சலோடு மேய்ச்சலாகக் கொஞ்சம் தின்றால் பயமில்லை. அறுத்துக் கட்டி அதையே தீவனமாகப் போடாதீர்கள். சூபாபுல் போடுபவர்களும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம்.

முயல், குதிரை, கழுதை விஷயம் வேறு. அவற்றின் வயிற்றமைப்பு அசைபோடும் பிராணிகளைப் போன்றதல்ல, மிமோசினைத் தாங்கா. முயலுக்குத் தொட்டாற்சிணுங்கி வேண்டவே வேண்டாம்.

இங்கே பழைய ரப்பர் எஸ்டேட் ஓரங்களில் ஆளுயரத்துக்கு ஏறும் ஒரு தொட்டாச்சிணுங்கி இருக்கிறது. முள் கொடூரம். அதே மாதிரி முள்ளே இல்லாத ஒன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே செடியா?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

நீங்கள் சொல்வது பெரிய தொட்டாற்சிணுங்கி, நம் சிறு செடிக்கு நெருங்கிய இன்னோர் இனம். கேரளத்தில் ஆனத்தொட்டாவாடி என்பார்கள். இரண்டுமே வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. அடையாளம் எளிது: சிறு செடியின் தண்டு உருண்டை, பெரியதின் தண்டு பட்டைபட்டையாகக் கோணம் உள்ளது, கோண விளிம்பு நெடுக முள் வரிசையாக இருக்கும். சிறு செடியின் இலையில் ஒன்று அல்லது இரண்டு இணைப் பிரிவுகள் ஒரே இடத்திலிருந்து விரியும். பெரியதில் நாலு முதல் ஒன்பது இணைகள் காம்பு நெடுக அடுக்கியிருக்கும். தொட்டால் மடங்கும், ஆனால் சோம்பலாக. பூவில் மகரந்தத் தாள்களை எண்ணப் பொறுமை இருந்தால், சிறியதில் நான்கு, பெரியதில் எட்டு.

அசைவு மந்தம், முள் அதிகம் என்ற இந்த மாற்றம் கவனிக்கத் தக்கது. பெரிய செடி முள்ளை ஊன்றுகோலாகவும் பயன்படுத்துகிறது. வளைந்த முள்ளால் மற்றச் செடிகளைப் பற்றி மேலே ஏறிப் போர்வையாக மூடிவிடும். அசாமில் காசிரங்கா காட்டுப் புல்வெளிகளில் பரவி, காண்டாமிருகங்கள் மேயும் இடங்களையே அடைத்திருக்கிறது.

முள்ளில்லாதது அதே இனத்தின் ஒரு வகை. தோட்டங்களில் மண்ணை மூடவும் தழைச்சத்து ஏற்றவும் நட்டார்கள். முள் இல்லை என்பதால் தீங்கில்லை என்று எண்ணிவிடாதீர்கள். முள் காவலை விட்டுவிட்ட செடி நஞ்சை விட்டுவிடவில்லை, கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது. பெரிய இனத்தைக் கையால் பிடுங்க முயலாதீர்கள். பூக்கும் முன் நீளப்பிடி அரிவாளால் அடியோடு வெட்டி, வேர்க்கட்டையை மண்வெட்டியால் பெயர்த்தெடுங்கள்.

விதை வாங்கிப் போட்டேன், முளைக்கவில்லை. தோழி வீட்டில் முளைத்த செடியிலோ இலை மங்கிப் புள்ளி புள்ளியாகிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் செடிக்கு ஏன் இந்த நிலை?
– வாசகி, மதுரை

விதையின் கெட்டித்தோலும் ஒரு காவல்தான், அதை நீங்கள் உடைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, பத்து நிமிடம் ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் ஊதியிருப்பவை தயார். ஊதாதவற்றை நகவெட்டியால் ஓர் ஓரத்தில் மட்டும் லேசாகக் கீறி மறுபடி ஊறவையுங்கள். விதையின் கூர்முனைப் பக்கம் கீறவேண்டாம், முளைக்கரு அங்கே இருக்கிறது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் விதையுங்கள். நல்ல வெதுவெதுப்பு இருந்தால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும். ஆறு அங்குலத் தொட்டி, குறைந்தது அரைநாள் வெயில், அடியில் தண்ணீர் தேங்காமை இவை போதும். தழைச்சத்து உரம் வேண்டாம். வேர்முடிச்சு பாக்டீரியாவின் உதவியால் செடியே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

தோழி வீட்டுச் செடியின் புள்ளிக்குக் காரணம் பெரும்பாலும் செஞ்சிலந்திப்பேன். வெள்ளைத்தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள். தூசு போல் விழுந்தவை நகர்ந்தால் அதுதான். முள் அதற்குப் பொருட்டே இல்லை. எடையோ மிகக் குறைவு, அது நடந்தால் இலைக்குத் தூண்டுதல் போதாது, மடங்காது. பெரிய எதிரிக்கு அமைந்த காவலில் இது நுழைந்துவிடுகிற சந்து. கணுவில் பதுங்கும் மாவுப்பூச்சியும் இப்படியே. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு மில்லி திரவ சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். தெளிக்கும் முன் செடியை நன்றாகத் தட்டி மடங்க வையுங்கள். சிற்றிலைகள் மேல்நோக்கி ஒட்டிக்கொள்வதால், பேன் குடியிருக்கும் அடிப்பக்கம் முழுவதும் வெளியே திரும்பி நிற்கும். களைக்கொல்லிக்கு விரிந்த இலை, வேப்பெண்ணெய்க்கு மடங்கிய இலை. ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை போதும்.

நெற்று பழுக்கும் முன் நறுக்கிவிடுங்கள். தொட்டியிலிருந்து காலி மனைக்குப் போக விடக்கூடாத செடி இது.

மாணவர்களுக்கு வகுப்பில் செய்துகாட்ட ஏதாவது சொல்லுங்கள். திரும்பத் திரும்பத் தொட்டால் செடி பழகிவிடும் என்கிறார்களே, மெய்தானா?
– அறிவியல் ஆசிரியர், பட்டுக்கோட்டை

பழகுவது உண்மை. ஆஸ்திரேலியாவில் மோனிகா காலியானோ குழு 2014-இல் வெளியிட்ட சோதனையில், தொட்டிச்செடிகளைச் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தை விரித்த அடித்தளத்தில் மீண்டும் மீண்டும் விழவைத்தார்கள். சிறிது நேரத்தில் அவை மடங்குவதை நிறுத்தின. களைத்துப்போனதாலா என்று பார்க்க வேறுவகையாகக் குலுக்கினார்கள், உடனே மடங்கின. ஒரு மாதம் கழித்தும் பழைய வீழ்ச்சிக்கு மடங்கவில்லை. இதை 'கற்றல்' என்று சொல்லலாமா என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. மாணவர்களிடம் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வகுப்பில் செய்ய எளிய வழி சொட்டுநீர். பிப்பெட்டை ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, ஒரே இலையின்மேல் ஐந்து நொடிக்கு ஒரு சொட்டாக விடுங்கள். எத்தனையாவது சொட்டில் மடங்கல் குறைகிறது என்று ஒரு குழு குறிக்கட்டும். குறைந்ததும் இலையை விரலால் தட்டுங்கள். மடங்கினால் அது களைப்பு அல்ல. இன்னொரு செடியை மங்கிய வெளிச்சத்தில் ஒரு வாரம் வைத்துவிட்டு, மடங்கிய இலை மறுபடி விரிய எவ்வளவு நேரமாகிறது என்று வெயிலில் இருந்த செடியோடு ஒப்பிடலாம். ஒளிக்கு ஏங்கும் செடி ஆபத்தைப் பொறுத்துக்கொண்டு சீக்கிரம் விரியும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சோதனையைக் காலை ஒன்பதுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் வையுங்கள். மாலையில் உறக்க மடங்கல் தொடங்கிக் கணக்கைக் குழப்பிவிடும். மார்கழிக் குளிரிலும் அசைவு மந்தமாக இருக்கும்.

செடியைப் பிடுங்கியபோது வேரிலிருந்து அழுகிய முட்டை போல நாற்றம் வந்தது. வேர் அழுகலா?
– வாசகர், கூடலூர்

இல்லை. வேர் வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால் அது நல்ல வேர்தான். இந்தச் செடியின் வேர்த்தோலில் நுண்ணிய பைகள் இருக்கின்றன, வேரைக் குலைத்தால் கந்தகம் கலந்த வாயுக்களை வெளிவிடும். 2016-இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில் விரல் பட்டபோது நாற்றம் எழுந்தது, கண்ணாடியாலும் உலோகத்தாலும் தொட்டபோது எழவில்லை. தொட்டி மாற்றும்போது வந்தால் கவலைப்பட வேண்டாம். வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தால் மட்டும் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று பொருள். கெட்ட வேரை நறுக்கிவிட்டு, மணல் கூடுதலாகக் கலந்த புது மண்ணில் வையுங்கள்.